விநாடிக்கு எழுபது லட்சம் ஹலோ

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு வெப் ஃபிரேம்வொர்க்குகளில் எது வேகமானது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று லேப்டாப்போடு உட்கார்ந்தேன். இரண்டிலும் ஒரே சின்னப் பக்கத்தை எழுதினேன். முதலாவதை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, விநாடிக்கு எத்தனை கோரிக்கைகளுக்குப் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவதையும் ஓட்டினேன். கொஞ்சம் குறைவாக வந்தது. நண்பனுக்குச் செய்தி அனுப்பப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையை மாற்றி மறுபடி ஓட்டினேன். இந்த முறை இரண்டாவது ஜெயித்தது. திரும்பவும் மாற்றினேன். எது முதலில் ஓடுகிறதோ அதுவே ஜெயித்தது.

லேப்டாப்பின் அடியில் கை வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. தோசைக்கல் போலக் காய்ந்திருந்தது. சூடு ஏறினால் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் ஓடியவன் ஆறிய மெஷினில் ஓடினான், அடுத்தவன் காய்ந்த மெஷினில் ஓடினான், அவ்வளவுதான். ஒரு மதியம் முழுக்க நான் அளந்துகொண்டிருந்தது என் லேப்டாப்பின் ஃபேனை.

சூடு ஒன்றுதான் வில்லன் என்றால் பரவாயில்லை, ஐஸ் வைத்துச் சமாளிக்கலாம். 2009-இல் டாட் மைட்கோவிச்சும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ‘வெளிப்படையாக எந்தத் தப்பும் செய்யாமலே தப்பான தரவைத் தயாரிப்பது’ என்கிற மாதிரி தலைப்பு. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரு புரோகிராம் தொடங்கும்போது, பயனர் பெயர், வீட்டு ஃபோல்டரின் முகவரி போன்ற சில்லறை விவரங்கள் அதன் நினைவகத்தில் ஏற்றப்படும். அந்த விவரங்களின் மொத்த நீளம் மாறினால் புரோகிராமின் தரவு நினைவகத்தில் உட்காரும் இடம் சில பைட் தள்ளிப்போகிறது. அந்தச் சின்ன நகர்வே புரோகிராமின் வேகத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது குப்பன் என்ற பெயரில் லாகின் செய்து ஓட்டினால் ஒரு முடிவு, கோபாலகிருஷ்ணன் என்று லாகின் செய்து ஓட்டினால் வேறொரு முடிவு வர வாய்ப்பு உண்டு. அதைப் படித்ததிலிருந்து, ‘எங்களுடையது 4 சதவீதம் வேகம்’ என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன்.

புரோகிராமர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், எங்கோ ஒரு சர்வருக்குக் கோரிக்கை போகிறது. வந்த கோரிக்கை எந்தப் பக்கத்துக்கானது என்று பிரித்தறிவது, டேட்டாபேஸில் விவரம் கேட்பது, வந்த விவரத்தைப் பக்கமாகக் கோத்து அனுப்புவது என்று எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வேலைகள் சில உண்டு. இவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதாமல் இருக்க, முன்கூட்டியே கட்டிவைத்த சாரம்தான் ஃபிரேம்வொர்க். ஜாங்கோ, ரெயில்ஸ், லாரவெல், ஸ்பிரிங், எக்ஸ்பிரஸ் என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றமும் உண்டு.

இவற்றை ஒரே களத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் பெரிய போட்டி ஒன்றைக் கலிஃபோர்னியாவிலுள்ள டெக்எம்பவர் என்ற நிறுவனம் 2013 மார்ச்சில் தொடங்கியது. ஒரே வகை மெஷின்கள், ஒரே நெட்வொர்க், ஒரே கேள்விகள். ஒரு மெஷினில் ஃபிரேம்வொர்க், இன்னொன்றில் டேட்டாபேஸ், மூன்றாவதில் கோரிக்கைகளைச் சுடும் கருவி. ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கின் ஆட்களும் தங்கள் விடைத்தாளைத் தாங்களே எழுதித் தரலாம். எழுதியதெல்லாம் பொதுவில் கிடக்கும், யாரும் படித்துப் பார்த்து ‘இது காப்பி’ என்று கை தூக்கலாம். சுற்றுச் சுற்றாக முடிவுகள் வந்தன. அதிலிருந்து ஒரு வரைபடத்தை மட்டும் வெட்டி எடுத்து மீட்டிங்கில் காட்டாத டெக்னிக்கல் லீட் குறைவு.

வெட்டி எடுக்கப்படும் படம் பெரும்பாலும் ‘பிளெயின்டெக்ஸ்ட்’ சோதனையினுடையதாக இருக்கும், ஏனென்றால் அதில்தான் எண்கள் பெரியவை. சோதனை இதுதான்: கேட்டால் ‘ஹலோ, வேர்ல்ட்!’ என்று ஆங்கிலத்தில் 13 எழுத்துக்குறிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். டேட்டாபேஸ் கிடையாது, பக்கம் கோக்கும் வேலை கிடையாது. கேட்கும் கருவியும் தாராளமாக நடந்துகொள்ளும். பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் 16 கோரிக்கைகளை அனுப்பிவிடும். இந்த வசதிக்கு பைப்லைனிங் என்று பெயர். இன்றைய பிரவுசர்கள் எதுவும் இப்படிக் கேட்பதில்லை.

10 கிகாபிட் நெட்வொர்க்கில் நடந்த சுற்றுகளில் இந்தச் சோதனையின் உச்சம் விநாடிக்குச் சுமார் 70 லட்சம். இதில் வேடிக்கை, முதல் வரிசையில் நின்ற பலரும் அதே 70 லட்சத்தில்தான் நின்றார்கள். மொழி வேறு, வடிவமைப்பு வேறு, எண் மட்டும் ஒன்று. ஒரு பேப்பரில் கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 10 கிகாபிட் என்றால் விநாடிக்கு 125 கோடி பைட். அதை 70 லட்சத்தால் வகுத்தால் ஒரு பதிலுக்கு ஏறக்குறைய 178 பைட் கிடைக்கும். 13 எழுத்து ஹலோவோடு தேதி, சர்வர் பெயர், நீளம் முதலிய தலைப்பு வரிகளையும் நெட்வொர்க்கின் உறைகளையும் சேர்த்தால் ஒரு பதில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். கேபிள் நிரம்பி வழிகிறது. அதற்கு மேல் எவ்வளவு வேகமான ஃபிரேம்வொர்க்காக இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கேபிள்தான் தடை என்று தெரிந்ததும் போட்டியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பதிலை இளைக்க வைத்தார்கள். ஒவ்வொரு பதிலிலும் சர்வரின் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. பெயர் எவ்வளவு நீளம் என்று விதியில் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோரில் இருக்கும் சர்வரின் பெயர் கெஸ்ட்ரல். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. போட்டிக்காக எழுதிய நிரலில் அதை ‘கே’ என்று ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். ஒரு பதிலுக்கு 6 பைட் மிச்சம். 178-இல் 6 என்றால் மூன்று சதவீதத்துக்கும் மேல். பெயரை இனிஷியலாகச் சுருக்கியதில் மூன்று சதவீத வேகம்!

தேதியும் அப்படியே. எல்லாப் பதிலிலும் தேதியும் மணியும் இருக்க வேண்டும், ஆனால் அந்த மணி விநாடி வரைக்கும்தான் காட்டும். அதனால் விநாடிக்கு ஒரு தடவை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அந்த விநாடி முழுக்க லட்சக்கணக்கான பதில்களில் அதையே ஒட்டி அனுப்பலாம். விதிகள் அனுமதிக்கும் கெட்டிக்காரத்தனம்தான் இது. நிஜ சர்வர்களிலும் பயன்படுகிறது. ஆனால் நீங்கள் கட்டப்போகும் பள்ளிக்கூடத் தளத்தின் தலையெழுத்தை இது மாற்றாது.

எனக்குப் பிடித்தது ‘ஃபார்ச்சூன்ஸ்’ என்ற சோதனை. யோசித்து வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸில் 12 பொன்மொழிகள் இருக்கும். கோரிக்கை வந்ததும் அவற்றை எடுத்து, கூடவே அந்த நிமிஷத்தில் ஒன்றைச் சேர்த்து, 13-ஐயும் அகர வரிசைப்படுத்தி, எச்டிஎம்எல் அட்டவணையாக அனுப்ப வேண்டும். அந்த 12-இல் இரண்டு வில்லங்கமானவை. ஒன்றில் ஜப்பானிய எழுத்துகள் இருக்கும். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய நிரல் அங்கே உளறிக்கொட்டிவிடும். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்னொன்றில் பொன்மொழிக்குப் பதிலாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒளிந்திருக்கும். அதைச் செயலிழக்கச் செய்யாமல் அப்படியே அனுப்பினால், பார்ப்பவரின் பிரவுசரில் அந்தத் துண்டு ஓட ஆரம்பித்துவிடும். தளங்களை ஹேக் செய்பவர்களின் பழைய வழி அது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து ஆபத்தானதை மாற்றி எழுத நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பவருக்கு இந்தச் சோதனையில் இடமில்லை. பிளெயின்டெக்ஸ்டில் லட்சங்களில் பறந்தவர்களின் எண்கள் இங்கே வந்ததும் மளமளவென்று இறங்கும், வரிசையும் கலையும். ஒரே ஒரு படத்தைத்தான் பார்ப்பேன் என்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

ஆனாலும் பரீட்சை என்று ஒன்று இருந்தால் கைடு என்று ஒன்று வரும். ஒரே கோரிக்கையில் டேட்டாபேஸை 20 தடவை கேட்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. 20 கேள்விகளையும் ஒரே கேள்வியாகச் சுருக்கக் கூடாது என்று விதி. சரி, சுருக்கவில்லை என்று சொல்லி, 20-ஐயும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் வரிசையாக டேட்டாபேஸுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விதி மீறப்படவில்லை. பிரவுசர் உலகத்திலும் இதே கதை நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் வேகத்தை அளக்க கூகுள் உருவாக்கிய ஆக்டேன் என்ற சோதனையை 2017-இல் கூகுளே மூடியது. அதில் மார்க் வாங்குவதற்கென்றே எல்லோரும் செதுக்கிச் செதுக்கி, அந்தச் செதுக்கல்களில் சில நிஜப் பக்கங்களை மெதுவாக்கவும் ஆரம்பித்துவிட்டன.

இனி, ‘20 மடங்கு வேகம்’ என்பதைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு ஃபிரேம்வொர்க் விநாடிக்கு 2 லட்சம், இன்னொன்று 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காக இரண்டும் புராசஸரின் ஒரே ஒரு கோரில் ஓடுகின்றன. எண்ணைத் தலைகீழாக்கினால், ஒரு கோரிக்கைக்கு முதலாவது 5 மைக்ரோ விநாடியும் இரண்டாவது 100 மைக்ரோ விநாடியும் எடுத்துக்கொள்கின்றன. வித்தியாசம் 95 மைக்ரோ விநாடி. ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அந்தப் பக்கம் டேட்டாபேஸுக்காக 20 மில்லி விநாடி காத்திருக்கிறது என்றால், மொத்தம் 20.005 ஒரு பக்கம், 20.1 இன்னொரு பக்கம். அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை. பயனருக்கு 20 மடங்கு எங்கே போயிற்று என்றே தெரியாது.

ஆனால் சர்வருக்கு மாத வாடகை கட்டுபவருக்குத் தெரியும். டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது புராசஸர் சும்மாதான் இருக்கிறது, அந்த நேரத்தில் வேறு கோரிக்கையைக் கவனிக்கலாம். ஆகவே ஒரு கோரிக்கைக்கு எத்தனை மைக்ரோ விநாடி உழைக்கிறது என்பதுதான் எத்தனை மெஷின் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ட்விட்டர் அதன் ஆரம்ப காலத்தில் ரூபி ஆன் ரெயில்ஸில் ஓடியது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கோல் விழும் நேரங்களில் தளம் தள்ளாடியது. ரூபியில் ஒரு மெஷின் விநாடிக்கு 200 முதல் 300 கோரிக்கைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது என்று அவர்களுடைய பொறியாளர்களே பிற்பாடு எழுதினார்கள். ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கு மாறிய பிறகு மெஷின்களின் எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. அந்த அளவுக்குக் கூட்டம் வரும் இடத்தில் மைக்ரோ விநாடி என்பது பணம். நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. வந்தால் சந்தோஷம்தான்.

இதுவரை சொன்னது எத்தனை என்ற எண்ணைப் பற்றி. எவ்வளவு நேரம் என்ற எண்ணில்தான் பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பல வருஷம் இதே தொழிலில் இருந்தும் நான் இதைக் கவனிக்காமலே இருந்தேன்.

ஒரு டீக்கடையில் டீ வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கப் போகிறீர்கள். ‘ஒரு டீ’ என்கிறீர்கள். வந்ததும் நேரத்தைக் குறிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்து அடுத்த டீ. திடீரென்று சிலிண்டர் தீர்ந்துவிடுகிறது. மாஸ்டர் புது சிலிண்டர் எடுத்துவரப் போய், மாட்டிக் கொடுக்கப் பத்து நிமிஷம். நீங்கள் பொறுமைசாலி, கையில் நோட்டுடன் அந்த ஒரு டீக்காகக் காத்திருக்கிறீர்கள். பத்து நிமிஷம் கழித்து டீ வருகிறது. நோட்டில் ‘தாமதம்: 1’. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து நின்ற முப்பது பேர் உங்கள் நோட்டில் இல்லை. கடை மெதுவாகும்போது நீங்களும் சேர்ந்து மெதுவாகிவிட்டதால், கடையின் மோசமான நேரத்தைக் கடைக்காகவே மறைத்துவிட்டீர்கள்.

பெரும்பாலான சோதனைக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அனுப்பும், பதில் வரும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்தது. அஸூல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கில் டெனெ இதற்கு ஒரு பெயர் வைத்தார். கருவியும் சர்வரும் பேசிவைத்துக்கொண்டு விட்டுவிடும் கணக்கு என்பது அதன் பொருள். அந்தப் பெயரை விட அதன் கணக்கு முக்கியம். போட்டுப் பார்ப்போம். 10 மில்லி விநாடிக்கு ஒரு கோரிக்கை வீதம் ஒரு நிமிஷம், ஆக 6,000 கோரிக்கைகள். சர்வர் சாதாரணமாக 1 மில்லி விநாடியில் பதில் தருகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை, நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குவதற்காக 3 விநாடி அப்படியே உறைந்துவிடுகிறது.

காத்திருக்கும் கருவியின் நோட்டில் என்ன இருக்கும்? 1 மில்லி விநாடிப் பதில்கள் சுமார் 5,700, 3 விநாடி எடுத்த பதில் ஒன்று. 99-ஆவது பர்சன்டைல், அதாவது நூற்றில் 99 பேருக்கு இதற்குள் பதில் கிடைத்தது என்று சொல்லும் எண், 1 மில்லி விநாடி. ஆயிரத்தில் 999 பேர் என்று கேட்டாலும் அதே 1 மில்லி விநாடி. அற்புதமான சர்வர்!

நிஜத்தில், அந்த 3 விநாடியில் வந்திருக்க வேண்டியவர்கள் 300 பேர். முதலில் வந்தவருக்கு 3 விநாடி, அடுத்தவருக்கு 2.99, அதற்கடுத்தவருக்கு 2.98 என்று காத்திருப்பு இறங்கிவரும். 6,000-இல் மிக மோசமான 60 பேரை எடுத்தால், அவர்கள் எல்லோரும் 2.4 விநாடிக்கு மேல் காத்திருந்தவர்கள். ஆக உண்மையான 99-ஆவது பர்சன்டைல் 2.4 விநாடி. நோட்டில் இருந்தது 1 மில்லி விநாடி. 2,400 மடங்கு தப்பு, அதுவும் கருவியில் எந்தப் பழுதும் இல்லாமல்!

டபிள்யூஆர்கே என்று புழக்கத்தில் இருக்கும் சோதனைக் கருவியை எடுத்து கில் டெனெ திருத்தினார். சர்வர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் குறித்த வேளையில் அடுத்த கோரிக்கை கிளம்பியாக வேண்டும். காத்திருப்பும், எப்போது கிளம்பியிருக்க வேண்டுமோ அப்போதிலிருந்து எண்ணப்படும். மனிதர்கள் அப்படித்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கம் திறந்ததா என்று பார்த்துவிட்டு யாரும் பட்டனை அழுத்துவதில்லை. 2013 ஆகஸ்டில் ஜப்பான் தொலைக்காட்சியில் மியாசாகியின் ‘வானத்துக் கோட்டை’ அனிமேஷன் படம் ஓடியபோது, கதாபாத்திரங்கள் மந்திரச் சொல்லைச் சொல்லும் அதே விநாடியில் ரசிகர்கள் எல்லோரும் அந்தச் சொல்லை ட்வீட் செய்தார்கள். வழக்கமாக விநாடிக்குச் சராசரி 5,700 ட்வீட் என்றிருந்தது அந்த ஒரு விநாடியில் 1,43,199 ஆனது. ரூபியை விட்டு வந்திருந்த ட்விட்டர் அன்று அசையவில்லை.

எப்போதாவது வரும் தாமதம்தானே, நூற்றில் ஒன்றுதானே என்று விடவும் முடியாது. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் ஒரு கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு சர்வர் நூற்றில் ஒரு தடவை மட்டும் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கிறது. ஒரு பக்கத்தைக் கட்ட அப்படிப்பட்ட 100 சர்வர்களைக் கேட்க வேண்டியிருந்தால், நூற்றில் 63 பக்கங்கள் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கும். நூறு பேரும் நேரத்துக்கு வந்தால்தான் பந்தி என்றால், பந்தி என்றைக்கு நேரத்துக்கு ஆரம்பித்திருக்கிறது?

கடைசியாக ஒரு சொந்தக் கதை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பொருள்களைப் பட்டியலிடும் ஒரு பக்கம் ஆமை வேகத்தில் திறந்தது. ஃபிரேம்வொர்க்கை மாற்றலாமா என்று ஒரு வாரம் வாக்குவாதம். ஒருவர் தரவரிசையைப் பிரின்ட் எடுத்தே வந்துவிட்டார். “சார், நாம இருக்கிறது எத்தனையாவது இடம்னு பாருங்க” என்று மேனேஜர் முன்னால் விரித்தார். அன்று சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். திரை நிரம்பி ஓடியது. முதல் கேள்வி, 50 பொருள்களின் பட்டியலைக் கேட்டது. அதன் பிறகு, ஒவ்வொரு பொருளுக்கும் அதை விற்பவர் பெயர் என்ன என்று தனித்தனியாக 50 கேள்விகள். வரிக்கு வரி எல்லாம் ஒன்றே, கடைசியில் உள்ள எண் மட்டும் வேறு. எழுதியவர் டேட்டாபேஸ் இருக்கும் திசையே பார்க்காமல் எழுதும் வசதியை ஃபிரேம்வொர்க் தருகிறது, அதனால் அவரும் பார்க்கவில்லை. விற்பவர் பெயரையும் சேர்த்தே எடுத்து வா என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் 51 கேள்விகள் இரண்டாகிவிட்டன.

மறுநாள் காலையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன். மதியத்துக்குள் புகார் வந்துவிட்டது, பக்கம் இன்னும் மெதுவாகத்தான் திறக்கிறது என்று. சர்வர் கண் இமைக்கும் நேரத்தில் பதில் தந்துகொண்டிருந்தது. புகார் சொன்னவரின் போனை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில், தீபாவளித் தள்ளுபடி பேனர் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவிலிருந்து எடுத்தபடியே யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள், 4 எம்பி.